டயரில் ஒரு கீறலும் இல்லை

யோரிஸுக்கு மூன்றாவது தடவையும் டியூப் போனது எங்கள் ஊரில் இல்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஆனால் அவன் சைக்கிளைக் காரின் மேல் கட்டிக்கொண்டு வீடு வந்து சேருவதற்குள் சேதி என் கடைக்கு வந்துவிட்டது. பியர்க்கடை வைத்திருப்பவளுக்கு அது ஒரு சௌகரியம். நான் எங்கும் போய் விசாரிக்க வேண்டியதில்லை. எல்லாம் தானாக வந்து முக்காலியில் உட்கார்ந்து இன்னொரு கோப்பை கேட்கும்.

அன்றைக்குச் சேதி கொண்டுவந்தவர் மவுரிட்ஸ். பீட்ரூட் விவசாயி, ஓய்வுபெற்றவர். மழையோ வெயிலோ, எங்கே சைக்கிள் பந்தயம் நடந்தாலும் மடக்கு நாற்காலியோடு போய் உட்கார்ந்துவிடுவார்.

"முன்னாடி போன நாலு பேர்ல இவன் ஒருத்தன். கால் நல்லா ஓடுது. கடைசிச் சுத்து. அப்பப் பாத்துக் காத்து போகுதாம். எவன்கிட்ட வித்தானோ," என்றார்.

"பஞ்சர் ஆகிறதுக்கு விக்கணுமா என்ன? ரோடு அப்படி," என்றேன்.

"சிமோன், ஒரு தடவை ஆனா ரோடு. ரெண்டு தடவை ஆனா துரதிர்ஷ்டம். மூணாவது தடவையும் முன்னணியில இருக்கறப்பவே ஆனா, அது பேச்சுவார்த்தை."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். பந்தயம் விற்பது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. உதடு அசைவது தெரியாமல், முன்னால் போகிற இரண்டு பேர் ஓட்டிக்கொண்டே பேசி முடித்துவிடுவார்கள், நீ ஜெயித்துக்கொள் என்று. ஜெயிக்காதவன் அன்றைக்குக் கொஞ்சம் சோகமாக முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பஞ்சரைவிட நல்ல சாக்குக் கிடையாது.

யோரிஸும் லீஸ்பெத்தும் என் கடைக்குப் பக்கத்துச் செங்கல் வீட்டில் இருந்தார்கள். என் பின்கட்டு ஜன்னலும் அவர்கள் பின்கட்டு ஜன்னலும் எதிரெதிரே. அவன் கம்பள ஆலையில் காலை ஷிப்டு. மத்தியானம் வந்து இரண்டு உருளைக்கிழங்கை மோரில் மசித்து முழுங்கிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு மேட்டுச் சாலைகளில் ஏறப் போய்விடுவான். அவள் ஊர்க்கோடி முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். கிழவர்களைக் குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, முதுகுப் புண்ணுக்கு மருந்து போடுவது. அதோடு வீட்டில் சக்கரங்கள் முழுக்க அவள் பொறுப்பு. கல்யாணமான புதிதில் அவன் அவசரத்தில் டயர் மாட்டி டியூபை ரிம்முக்கு நடுவில் நசுக்கிவிட்டான். அன்றிலிருந்து "நீ தொடாத" என்று வாங்கிக்கொண்டவள்தான்.

அந்த வருஷம் மட்டும் எல்லாவற்றிலும் ஒரு கெடு இருந்தது. அவனுக்கு முப்பது நெருங்கிவிட்டது. பெரிய அணி எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. சீசன் முடிவதற்குள் ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் சைக்கிளை விற்றுவிட்டு முழுநேரமும் ஆலைக்குப் போவது, குழந்தை பெற்றுக்கொள்வது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அவள்தான் எனக்குச் சொன்னாள். பிறகு அவனும் சொன்னான். ஆளுக்கொரு குரலில் சொன்னார்கள். அவள் சொன்னபோது அது திட்டம் மாதிரி இருந்தது, அவன் சொன்னபோது தண்டனை மாதிரி.

அதனால்தான் மாசிக் குளிரிலேயே டயர் பேச்சு ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் நான் முட்டை கடன் வாங்கப் போனேன். பின்கட்டு மேஜை முழுக்க டயர்கள். அவன் ஒல்லி டயரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். அவள் அதைவிடக் கொஞ்சம் பருத்ததை.

"இது ஓடும்," என்றான்.

"தார் ரோட்டுல ஓடும். நம்ம ஊர்க் கல்லு ரோட்டுல குதிக்கும். குதிக்கிற சக்கரம் எங்க ஓடும்? நீ மேலயும் கீழயும்தான் போவ," என்றாள். டயரை உள்பக்கம் வெளியே வரும்படி மடித்துக் காட்டினாள். "நூலைப் பாரு. பருத்தி. எவ்வளவு நெருக்கம். காத்தைக் கொஞ்சம் குறைச்சு அடிச்சா கல்லு மேல படுத்துக்கிட்டுப் போகும்."

"கனம்?"

"அந்தக் கனத்தை டியூப்ல குறைப்போம். கறுப்பு டியூப் வேண்டாம். பால்ரப்பர் டியூப் போடலாம்."

ரோஸ் நிறத்தில், கையில் எடுத்தால் எடையே இல்லாமல் தொங்கியது அது. கறுப்பு டியூபைவிட மெல்லிசு. கல் குத்தவந்தால் வளைந்துகொடுக்கும் என்றாள். ஒரே தொல்லை, ஒரு ராத்திரியில் பாதிக் காற்றை விட்டுவிடும். பந்தயத்தன்று காலையில் மறுபடி அடித்தாக வேண்டும். யோரிஸ் அதை இழுத்து இழுத்துப் பார்த்தான். அவனுக்கு அவ்வளவு பிடிக்கவில்லை.

"ராத்திரியோட காத்து போற டியூபை எப்படி நம்புறது?"

"உன்னையே நம்பறேன். இதை நம்ப மாட்டேனா?" என்றாள். முட்டை வாங்கின நானும் சிரித்துக்கொண்டே வந்தேன்.

வசந்தத்தில் அவன் பறந்தான். ஏப்ரலில் ஒரு முதலிடம், மே மாதத்தில் இரண்டு தடவை மேடை ஏறினான். ரெனாட் என்கிற ஆள், ஒரு பெரிய அணிக்கு சைக்கிள் ஓட்டுகிறவர்களைப் பொறுக்கியெடுக்கிறவர், எங்கள் ஊர்த் திருவிழாப் பந்தயத்துக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அதற்கப்புறம்தான் டியூப்கள் போக ஆரம்பித்தன.

மூன்றாவது பஞ்சருக்கு மறுநாள் மத்தியானம், நான் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது யோரிஸ் வந்தான். கையில் ரொட்டிக்கடைப் பை.

"சிமோன், கதவைக் கொஞ்சம் சாத்துங்க."

"பட்டப்பகல்ல கதவைச் சாத்தினா ஊரு என்ன பேசும்?"

"இப்பப் பேசுறதைவிடவா?"

சாத்தினேன். பையைக் கவிழ்த்தான். வெடித்த டியூப்கள், கூடவே மடித்த டயர். "தடவிப் பாருங்க. உள்ள, வெளிய, ரெண்டு பக்கமும். ஒரு கீறல் இருந்தா சொல்லுங்க."

தடவினேன். பந்தயம் சுற்றிவருகிற மூலையில் இத்தனை வருஷம் கடை வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியாத டயரா. கல் குத்தினால் சின்னதாக ஒரு வாய் இருக்கும், விரல் நகத்துக்குத் தட்டும். ஒன்றும் தட்டவில்லை.

"டயர்ல ஒரு கீறல்கூட இல்ல. ஆனா டியூப் கிழிஞ்சிருக்கு. எப்படி?" என்றான்.

"ரிம்முல ஏதாவது முள்ளு..."

"ரிம்மையும் பாத்துட்டேன். பஞ்சை வச்சுத் தேச்சுப் பாத்தேன். ஒரு இழைகூட மாட்டல."

"அப்ப டியூபே மட்டமா இருக்கும்."

"ஒண்ணு மட்டமா இருக்கலாம். எல்லாமேவா?" குரலைத் தாழ்த்தினான். கடையில் எங்களைத் தவிர யாரும் இல்லை, இருந்தாலும் தாழ்த்தினான். "மாட்டினது யாரு?"

நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன். "வாயை அலம்பு."

"நான் ஒண்ணும் சொல்லலையே. மாட்டினது யாருன்னுதான் கேட்டேன்."

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும். பால்ரப்பர் டியூப்தான் வேணும்னு சொன்னது யாரு? அதுவும் தெரியும். நான் தோத்தா ஆலைக்குப் போறேன், அவளுக்கு வீட்டுல புருஷன், தொட்டில்ல பிள்ளை. ஜெயிச்சா நான் வருஷத்துல பாதி ஊர்லயே இருக்க மாட்டேன். நீங்க என்ன பண்ணுவீங்க, சிமோன், அவ இடத்துல இருந்தா?"

"நானா இருந்தா மிளகாய்த்தூளை உன் சாப்பாட்டுல போடுவேன். அது இன்னும் சுலபம்."

அவன் சிரிக்கவில்லை. "வேணும்னே பண்ணியிருக்க மாட்டா. ஒரு கோபத்துல, டயரை நெம்பி ஏத்தற லிவரைக் கொஞ்சம் அழுத்தியிருப்பா. அவளுக்கே தெரியாமக்கூட இருக்கலாம்." இப்படி ஒருவன் மனைவிக்காக வக்காலத்து வாங்கிப் பேச ஆரம்பித்தால், தீர்ப்பை ஏற்கெனவே எழுதிவிட்டான் என்று அர்த்தம். எனக்கு அவன்மேல் எரிச்சலாக வந்தது. அந்தப் பெண் ராத்திரி ஷிப்டு முடித்துவந்து அவன் சாக்ஸ் துவைப்பதை என் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன்.

அதைவிட எரிச்சல் என்மேல்தான். அவன் போனபிறகு எனக்கும் தோன்ற ஆரம்பித்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அவள் ஏன் பந்தயத்துக்குப் போகவில்லை? டியூட்டி என்றாள். நிஜமாகவே டியூட்டியா? இல்லத்துச் சமையல்காரி பியர் வாங்க வந்தபோது பேச்சுவாக்கில் விசாரித்தேன். டியூட்டிதான். அதைக் கேட்டு நிம்மதிக்குப் பதில் லேசான ஏமாற்றம் வந்தது. சந்தேகத்தின் ருசி அப்படி.

பையை அவன் என்னிடமே விட்டுப்போயிருந்தான். வீட்டில் வைத்தால் பார்த்துவிடுவாளாம்.

வெள்ளிக்கிழமை லீஸ்பெத் வந்தாள். ஞாயிறு திருவிழா, நான் குங்குமப்பூ போட்டுப் பால்சோறு காய்ச்சிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்த் திருவிழாவில் அது இல்லாமல் எவனும் எழுந்து போக மாட்டான். கிண்டுகரண்டியை அவளே என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வெளியே தூறல். சாலையோரத்தில் தடுப்புக் கம்பிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கிண்டினாள். அப்புறம் கேட்டாள், "உங்க கடையில பேசிக்கிறாங்களாமே."

"என் கடையில பேசாதது எது?"

"அவன் வித்துட்டான்னு."

"மவுரிட்ஸ் சொல்றதையெல்லாம் ஒரு பேச்சா எடுத்துக்காத. அந்தாளு பாதிரியாரையே வித்துட்டான்னு சொல்லுவாரு."

"மவுரிட்ஸ் சொன்னா எனக்கென்ன." கரண்டி நின்றது. "எனக்கே தோணுது, சிமோன். அதான் இங்க வந்தேன்."

அடுப்பைத் தணித்தேன்.

"சக்கரத்தைக் கழட்டினப்ப டயரைப் பாத்தேன். ஒரு கீறல் இல்ல. டியூப் எங்கன்னு கேட்டா, தூக்கிப் போட்டுட்டேங்கறான். ஏன் தூக்கிப் போடணும்? எப்பவும் எங்கிட்டதான் குடுப்பான், ஒட்டி வைப்பேன். இப்ப டியூப் கண்ணுலயே படறதில்ல. வால்வைத் திறந்துவிட எவ்வளவு நேரம் ஆகும்? குனிஞ்சு மூச்சு வாங்கற மாதிரி நடிச்சா ஆச்சு."

"அவன் எதுக்கு விக்கணும்? ஞாயித்துக்கிழமை ரெனாட் வராரு."

"அதான். ரெனாட் எடுக்க மாட்டாருன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். வெறுங்கையோட வீட்டுக்கு வரதைவிட ஏதாவது தேத்திக்கலாம்னு. எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். சொல்லாம பண்றதுதான்..." உதட்டைக் கடித்தாள். "இப்பல்லாம் என் கையைப் பாத்துக்கிட்டே இருக்கான். நான் டயர் மாட்டறப்பப் பக்கத்துல வந்து நிக்கறான். குத்தம் உள்ளவன்தானே அப்படி நிப்பான்?"

எனக்குத் தாங்கவில்லை. ஒரே டயர். அதில் கீறல் இல்லை என்று அவன் அவளைப் பிடிக்கிறான், அதே கீறல் இல்லை என்று அவள் அவனைப் பிடிக்கிறாள். ரகசியம் காக்க என்னால் முடியும், ஆனால் இவ்வளவு நேரம் முடியாது. போய் ரொட்டிப் பையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன்.

"தூக்கிப் போடல. இந்தா."

அவள் ஒரு டியூபை எடுத்தாள். எடுத்தவள் உடனே கீழே வைத்தாள். விரல்களை ஒன்றோடொன்று தேய்த்தாள்.

"பிசுபிசுங்குது."

"மழையில நனைஞ்சிருக்கும்."

"இல்ல." மறுபடி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கிழிந்த இடத்தைச் சுற்றி ரப்பர் ஊதிப்போய், மென்ற சூயிங்கம் மாதிரி இருந்தது. இழுத்தாள். இழுத்தது திரும்பிச் சுருங்கவில்லை. "இது கல்லும் இல்ல, லிவரும் இல்ல. இது எண்ணெய். இல்லத்துல கிழவிங்களுக்கு எண்ணெய் தேய்க்கறப்ப இந்த ரப்பர்க் கையுறையைப் போட மாட்டோம். எண்ணெய் பட்டா ரப்பர் ஊறி, பொசுக்குனு கிழிஞ்சு வந்துடும்."

"டியூபுக்குள்ள எண்ணெய் எப்படி வரும்?"

அவள் டியூபை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு என் மூக்கருகே நீட்டினாள். கற்பூர வாசனை.

அதற்குமேல் அவள் சொல்லவே வேண்டாம். ஜூன் தொடங்கிப் பந்தயங்கள் நெருக்கமாக வந்தபிறகு, சனிக்கிழமைதோறும் அவன் கால்களைக் கற்பூரத் தைலம் போட்டு உருவிவிட்டாள். எதிர் ஜன்னலில் எனக்கே தெரியும். அவனை மேஜைமேல் உட்காரவைத்து, தொடையிலிருந்து கணுக்கால்வரை. அது முடிந்த கையோடு ஞாயிற்றுக்கிழமைக்கான சக்கரம்.

"அவன் காலைத் துடைக்கற துணியாலயே டயர் உள்பக்கத்தைத் துடைப்பேன்," என்றாள் மெல்ல. "மண்ணு ஒரு துளி இருக்கக் கூடாதுன்னு. நல்லா அழுத்தி, சுத்திச் சுத்தித் துடைப்பேன். நான்தான் சிமோன். நானேதான் பண்ணியிருக்கேன்."

"தெரியாம பண்ணினது."

"ஆமா. தெரியாம." சட்டென்று நிமிர்ந்தாள். "இதை ஏன் உங்ககிட்டக் கொண்டுவந்து குடுத்தான்?"

பால்சோறு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. நான் திரும்பிக் கரண்டியைப் போட்டேன்.

"நான்னு நினைச்சானா?"

"நீ அவன் வித்துட்டான்னு நினைக்கல?"

அவள் அடுப்படியை விட்டு எழுந்தாள். டியூபைக் கையில் சுருட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

எதிர் ஜன்னலை நான் பார்க்காமல் இருந்திருப்பேன் என்று யாரும் நம்ப மாட்டார்கள், அதனால் பொய் சொல்லவில்லை. முதலில் அவள் மட்டும் கத்தினாள். அப்புறம் இரண்டு பேரும். பிறகு அவன் அந்தத் துணியை எடுத்து முகர்ந்து பார்த்தான், நாற்காலியில் உட்கார்ந்தான், தலையை மேஜையில் முட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். அவள் அவன் முதுகில் குத்தினாள். பிறகு அவளும் சிரித்தாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, திரையை இழுத்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சட்டி கறிக்குழம்போடு போனேன். பியரில் வேகவைத்த மாட்டுக்கறி. காரியம் என்னவோ குழம்பு கொடுப்பது, நோக்கம் வேவு பார்ப்பது. இருவரும் கை கழுவும் தொட்டியருகே சேர்ந்து நின்று முழங்கைவரை சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உருவிவிடுவது அன்றைக்கு ஒத்திவைப்பு. மேஜையில் புது டயர்கள், புது டியூப்கள், பவுடர் டப்பா.

"கறுப்பு போடலாம்," என்றாள் அவள். "கனமா இருந்தா இருந்துட்டுப் போகுது. பயமில்லாம ஓட்டு. நாளைக்கு வேற மழை. வயல் மண்ணோட சின்னக் கல்லெல்லாம் ரோட்டுக்கு வந்திருக்கும்."

"பால்ரப்பரே போடு."

"எதுக்கு வம்பு?"

"நீ தேர்ந்தெடுத்தது அது. அதுலதான் ஜெயிச்சேன். அதுலயே ஓட்டறேன்." அவன் டியூபை எடுத்து அவள் கையில் வைத்தான். "நீயே மாட்டு. நான் பக்கத்துல நிக்கல. இங்க சிமோனோட உக்காந்து சாப்பிடறேன்."

அவள் டியூபில் பவுடரைத் தூவி, உள்ளங்கையில் ஓடவிட்டாள். டயரின் ஒரு விளிம்பை ரிம்மில் ஏற்றி, லேசாகக் காற்று ஊதின டியூபை உள்ளே படுக்கவைத்து, மறு விளிம்பைக் கட்டைவிரல்களால் தள்ளித் தள்ளி ஏற்றினாள். லிவரைத் தொடவே இல்லை. கடைசி ஒரு சாண் ஏற மறுத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள், டப்பென்று உட்கார்ந்தது. சக்கரத்தைச் சுற்றி நடந்து, டயரைப் பிரித்துப் பிரித்து டியூப் எங்கும் கடிபடவில்லை என்று பார்த்தாள். பந்தயத்தின்போது அவள் கடை மூலையில் வைத்துக்கொண்டு நிற்கும் மாற்றுச் சக்கரங்களுக்கு மட்டும் கறுப்பு டியூப். அது ராத்திரியில் காற்றை விடாது. யோரிஸ் என்னோடு உட்கார்ந்து கறியில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டான். அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று பாடுபட்டுத் திரும்பாமல் இருக்கிறான் என்று அவன் கழுத்தைப் பார்த்தால் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை வலுக்கவில்லை, விடவும் இல்லை. என் கடை வாசலில் மேளம், வறுத்த உருளைக்கிழங்கு வண்டி, குடை, கும்பல். மவுரிட்ஸ் மடக்கு நாற்காலியில். ரெனாட் என்னிடம் காப்பி வாங்கிக் குடித்தார், ஒல்லியான மனிதர், அதிகம் பேசவில்லை. லீஸ்பெத் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் மூலையில், கையில் ஒன்று, காலருகில் ஒன்று என்று மாற்றுச் சக்கரங்களோடு நின்றாள். நான் அவள் பக்கத்தில், உள்ளே கடையைக் கவனிக்க என் தங்கையை விட்டுவிட்டு.

யோரிஸ் அன்றைக்கு ஓட்டினது நான் பார்த்ததிலேயே நல்ல ஓட்டம். பாதிப் பந்தயத்திலேயே மூன்று பேர் பிரிந்து முன்னே போனார்கள், இவன் ஒருவன். ஒவ்வொரு சுற்றிலும் எங்கள் மூலையைக் கடக்கும்போது வாய் சேறு, முகம் சேறு, ஆனால் கால் மாவு பிசைவது மாதிரி சீராகச் சுற்றியது. ரெனாட் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவனையே பார்க்க ஆரம்பித்தார். லீஸ்பெத் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

முடிய இன்னும் சில சுற்றுகள் இருக்கும்போது முன்னணி வந்தது. இரண்டு பேர்தான் வந்தார்கள்.

கொஞ்சம் பின்னால் யோரிஸ். முன் டயர் தரையில் சப்பென்று ஒட்ட, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு வந்தான். என் முதுகுக்குப் பின்னால் மவுரிட்ஸ் "ஆச்சு" என்றார்.

லீஸ்பெத் ஏற்கெனவே சாலையில் இருந்தாள். அவன் இறங்கி, முன் சக்கரத்தைக் கழற்றிப் புல்லில் எறிந்தான். அவள் மாற்றுச் சக்கரத்தை நீட்டினாள். வாங்கினான். வாங்கியவன் அதை உடனே சைக்கிளில் மாட்டவில்லை. டயரைக் கட்டைவிரலால் அழுத்தினான். சக்கரத்தைத் திருப்பினான். எதிர்ப்பக்கத்திலும் அழுத்தினான். அதற்கப்புறம்தான் மாட்டினான்.

ஒரு மூச்சு நேரம், அல்லது இரண்டு. அவள் காலியான கைகளை நீட்டினபடியே நின்றிருந்தாள். பிறகு அவன் ஏறினான், அவள் அவன் முதுகின் கீழே கை கொடுத்து ஓடித் தள்ளிவிட்டாள்.

வழக்கமாக அவன் வளைவில் மறையும்வரை கத்திக்கொண்டே நிற்பாள். அன்றைக்குத் தள்ளின கை விலகினதும் திரும்பிவிட்டாள். புல்லில் கிடந்த சக்கரத்தை எடுத்து மடியில் வைத்து, முதலில் வால்வைப் பார்த்தாள். இறுக மூடியிருந்தது. பிறகு டயரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, சேற்றைத் துடைத்துத் துடைத்து, விரலால் தேடிக்கொண்டே போனாள். என்னால் அந்தப் பக்கமும் பார்க்க முடியவில்லை, பந்தயத்தையும் பார்க்க முடியவில்லை.

கிடைத்தது. கறுப்புக் கல் சில்லு, நகத்தளவு, நேராக உள்ளே இறங்கியிருந்தது. அதைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது.

"கல்லுதான்," என்றாள்.

"கல்லுதான்."

"அழுத்திப் பாத்தான், இல்ல?"

"எல்லாரும் அழுத்திப் பாப்பாங்க, லீஸ்பெத்."

"இத்தனை வருஷமா இந்த மூலையில நின்னு நீட்டறேன். ஒருநாள் அழுத்தினதில்ல. வாங்குவான், மாட்டுவான், போயிடுவான்." கல்லை விரல்களுக்குள் மூடினாள். "நேத்து அவனே வச்சான் டியூபை என் கையில. அவனேதான் வச்சான்."

அவள் மழைக்கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டேன்.

அவன் முன்னே போனவர்களைப் பிடிக்கவில்லை. அடுத்த சுற்றில் அவர்களின் முதுகு தெரிகிற தூரத்தில் வந்தான், அதற்கடுத்த சுற்றில் அதுவும் இல்லை, பின்னால் வந்த கும்பல் அவனை விழுங்கிவிட்டது. ரெனாட் கிளம்பும்போது கடை வாசலில் அவனுக்குக் கை கொடுத்தார். "நல்ல கால் தம்பி. அடுத்த வருஷம் பாப்போம்," என்றார். அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை என்று எங்கள் மூவருக்கும் தெரியும், அவருக்குத் தெரியாது.

உள்ளே மவுரிட்ஸ் ஆரம்பித்திருந்தார். நாலாவது தடவை, அதுவும் சொந்த ஊரில், துணிச்சலைப் பாருங்கள் என்று. லீஸ்பெத் நேராக அவர் மேஜைக்குப் போய், மூடின கையைத் திறந்து கல்லை அவர் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். டயரையும் எடுத்துவந்திருந்தாள். கிழிந்த வாயில் அந்தக் கல்லைப் பொருத்திக் காட்டினாள்.

"பாத்துக்கங்க. அவன் விக்கல. ஒருநாளும் விக்கல. மத்ததெல்லாம் என் தப்பு, என் கை எண்ணெய்." துணிக் கதையை ஒளிக்காமல் அப்படியே எல்லோர் முன்னாலும் சொன்னாள். மவுரிட்ஸ் கல்லை உருட்டிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிதாம்மா," என்றார். "நான் பேசினது தப்புதான். சிமோன், பையனுக்கு என் கணக்குல ஒரு கோப்பை."

அவள் பால்சோறு எடுத்துவர என் சமையலறைக்குப் போனாள். அப்போதுதான் யோரிஸ் உள்ளே வந்தான். முகம் கழுவியிருந்தான், காதோரம் சேறு இன்னும் இருந்தது. ஆட்கள் எழுந்து தோளில் தட்டினார்கள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கோப்பையை அவன் முன்னால் வைத்து, மேஜையில் இருந்த கல்லைக் காட்டினேன்.

"உன் பேருல இருந்த கறை போயாச்சு. இதுதான் சாட்சி."

கல்லை எடுத்தான். "யாரு எடுத்தது?"

"உன் பெண்டாட்டி."

"எப்ப?"

"பந்தயம் முடிஞ்சப்புறம்," என்றேன். எனக்குச் சட்டென்று வருகிற பொய்கள் கொஞ்சம், அது அதில் ஒன்று.

அவன் கல்லைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து அழுத்தினான். "இல்ல, சிமோன். நான் கிளம்பின உடனே எடுத்தா. வளைவுல திரும்பிப் பாத்தேன். சக்கரத்தை மடியில வச்சுக்கிட்டு வால்வைப் பாத்துக்கிட்டு இருந்தா."

சமையலறையில் அவள் கிண்ணங்களை அடுக்குகிற சத்தம் கேட்டது.

"முன்னால ரெண்டு பேர் ஓடிக்கிட்டிருக்காங்க," என்றேன். "உயிரைக் குடுத்துப் பிடிக்க வேண்டிய நேரம். நீ எதுக்குப் பின்னால திரும்பிப் பாத்த?"

"அவ பாக்கறாளான்னு பாக்க," என்றான்.